உடைக்காமல் பார்ப்பது

மேல்விஷாரம் தாண்டி இடப்பக்கம்
பூட்டிக் கிடக்கும் தோல் ஷாப்பை
கல்யாண மண்டபம் ஆக்கப்போகிறார்கள்.
இடிப்பதற்கு முன்னால் எது எவ்வளவு என்று
எழுதிக் கொடுப்பது என் வேலை.
சதுர அடி, டன், லோடு.

சாவியைத் திருப்பும்போதே சொன்னார்
வாட்ச்மேன் ஜெயசீலன்:
"மேல பூரா சிமெண்ட் ஷீட்டு மேடம்.
காசு தேறாது."

மூங்கில் கழியால் தட்டினால்
தகரம் வாய்விட்டு அலறும்.
இது டொக்கென்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும்.
அலை அலையாய்ச் சாம்பல்.
நாற்பது மழைக்காலம் முதுகு காட்டியதில் கறுத்த பாசி.
கொக்கி போல்ட்டைச் சுற்றித் தார் வட்டம்.
குரங்கு குதித்து விண்ட ஓரத்தில்
வெயில் சாய்வாக வரும் நேரம் பார்த்து நின்றால்
நரைமுடி மாதிரி ஓரிரண்டு இழை.

கல்லுக்கு ஏது நார் என்று கேட்காதீர்கள்.
கல்நார் என்று பெயர் வைத்தவன்
கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்திருக்கிறான்.
பாவம்.

நான் பிரிப்பதில்லை.
கிள்ளுவதில்லை, சுரண்டுவதில்லை.
புதுசாய் வரும் வேறு ஷீட்டும்
இதே முகத்தோடுதான் இருக்கிறது.
"இருக்கலாம்" என்பதற்கு மேல்
என் கண்ணுக்கு அதிகாரம் கிடையாது.
நனைத்து, முகமூடி போட்டு, பழகியவர் ஒருவர்
எடுத்து அனுப்பும் நகத்தளவுத் துண்டைப் பார்த்து
மீதியைச் சென்னையில் ஒரு லேப் சொல்லும்.

கூரையைக் குறித்து முடித்தேன். கிளம்பியிருப்பேன்.
"பாய்லர் ரூம் பாக்கலியா?" என்றார்.

உள்ளே,
கை ஒடிந்த பிள்ளைக்குப் போட்டது மாதிரி
குழாய் நெடுக மாவுக்கட்டு.
முழங்கை வளைவில் துணி கிழிந்து
வெள்ளையாய், பஞ்சாய்,
மூச்சு விட்டாலே ஆடிற்று.

கூரை சிமெண்ட்டோடு இறுகிப்போன சரக்கு.
இது இறுகவே இல்லை.
தலையை அண்ணாந்து அண்ணாந்து
கழுத்து வலிக்கத் தேடியது
இடுப்பு உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"நான் இங்கதான் ஃபயர்மேனா இருந்தேன்.
மார்கழி நைட் ஷிஃப்ட்ல இதுல சாஞ்சுதான் தூங்குவோம்.
உள்ள நீராவி கொதிக்கும், வெளிய வெதுவெதுன்னு இருக்கும்.
பாருங்க, எவ்ளோ மெத்துனு..."

தொடாதீங்க!

என் சத்தம் கூரையில் பட்டுத் திரும்பவே இல்லை.

அவர் கை அந்தரத்தில் நின்றது.
சிரித்தார், கொஞ்சம் கூச்சமாக.
"இருபத்தாறு வருசம் தொட்டாச்சே மேடம்."
பிறகு, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல:
"உதிர்ந்ததை நான்தான் பெருக்குவேன்.
எங்க வூட்டுல எஸ்தர்தான்
சட்டையை நாலு உதறு உதறி ஊறவைப்பா."

நான் பேப்பரைப் பார்த்தேன்.
அறையைப் பூட்டச் சொன்னேன்.
சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்றேன்.
ஆஸ்பத்திரியில் ஒருமுறை, இரண்டு பேருமே,
நெஞ்சைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
"எதுக்குன்னு சொல்லணும் அங்க?" என்று கேட்டார்.
பில் புத்தகத்தின் பின்அட்டையைக் கிழித்து
பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.
எழுத்துக்கூட்டிப் படித்தார்: கல்... நார்.
"பேரு நல்லாத்தான் இருக்கு."

பஸ்ஸில் ஜன்னலோரம்.
ரத்தினகிரி, பெருமுகை, சத்துவாச்சாரி.
கூரைகளை எண்ண ஆரம்பித்து, விட்டுவிட்டேன்.
மாட்டுக்கொட்டகை, மெக்கானிக் ஷெட்,
சத்துணவுக் கூடம்.
உடைந்த ஷீட்டுத் துண்டால்தான்
தெருவில் பாண்டிக்குக் கட்டம் கிழிப்போம்;
சாக்பீஸைவிடப் பளிச்சென்று விழும்.
போகிக் குப்பையில் போட்டால் வெடிக்கும் என்று
மாசம் முழுக்கச் சேர்த்து வைப்போம்.

வீட்டில், சுடிதாரை உதறாமல்
அப்படியே வாளித் தண்ணீரில் அமிழ்த்திவிட்டு
அண்ணாந்து பார்த்தேன்.

குளியலறைக்கு மேல் அதே அலை.
வீட்டுக்காரர் உள்பக்கம் நீலம் அடித்திருக்கிறார்.
விரிசல் இல்லை. பெயிண்ட் நன்றாகவே பிடித்திருக்கிறது.
உரசாமல், துளைக்காமல் விட்டால்
அதன்பாட்டுக்குக் கிடக்கும்.

கொடிக்கயிறு கட்ட அதில் ரெண்டு ஓட்டை போட்டுத் தரும்படி
தை மாசத்திலிருந்து அவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.
நாளைக்கு ட்ரில்லோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஈரக் கையோடு போனை எடுக்கிறேன்.